வாத்தியார் மனசு அவருக்கு, எழுத்து எனக்கு

(உத்திரமேரூரில் நடந்த பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: ‘ஒரு கல்வி இயக்கத்தை எடைபோடும்போது விஞ்சி நிற்பது அது தந்த பயனே! – அதை நிறுவியவரின் பேதமே!’ ‘பயனே’ அணியின் நிறைவுப் பேச்சு.)



நடுவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, “இவங்க டீச்சர், நேரத்துக்கு முடிச்சிடுவாங்க”ன்னு சொன்னார். ஐயா, நீங்க எந்தப் பள்ளிக்கூடத்தில் படிச்சீங்கன்னு எனக்குத் தெரியல. எந்த டீச்சர் நேரத்துக்கு முடிச்சாங்க? அடுத்த டீச்சர் வந்து வாசலில் நிக்கிற வரைக்கும் நாங்க பாடம் நடத்துவோம். மணி அடிச்சாத்தான் நிறுத்துவோம். நீங்களும் மணி அடிச்சே என்னை நிறுத்துங்க. இன்னைக்கு என் பேச்சிலேயும் ஒரு மணி வருது. அதைச் சொல்ற வரைக்கும் உங்க மணியைக் கொஞ்சம் ஓரமா வைங்க. (சிரிப்பு)

எதிரணியில் மூணு பேர் பேசினாங்க. முதல்ல பேசின தம்பி, “குடம் பாலில் ஒரு சொட்டு விஷம் விழுந்தாலும் பால் மொத்தமும் விஷம்தானே”ன்னு கேட்டார். அடுத்து வந்த அக்கா, சேரன்மாதேவி குருகுலத்தைச் சொல்லி உங்க கண்ணையெல்லாம் கலங்க வச்சாங்க. மூணாவது அண்ணன் இந்த ஊர்க்காரர், எங்க வீட்டைத் தெரிஞ்சவர். அவர் என் பக்கமே கையை நீட்டி, “இந்த டீச்சரோட அப்பா பள்ளிக்கூடத் திண்ணைக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்து படிச்சவர். அவர் பெத்த பொண்ணு அந்த அணியில் உட்காரலாமா?”ன்னு கேட்டுட்டார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். ஆனா அதைக் கடைசியில் சொல்றேன்.

முதலில் நம்ம ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இங்கேயிருந்து நடந்து போகிற தூரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கு. அந்தச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. உலகமே பேசுகிற குடவோலை முறை அதில்தான் இருக்கு. ஊரை முப்பது குடும்பாகப் பிரிச்சாங்க. தகுதி உள்ளவங்க பெயரை ஓலையில் எழுதினாங்க. குடத்தில் போட்டுக் குலுக்கினாங்க. உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. ஏரியைப் பார்க்க ஒரு வாரியம், தோட்டத்தைப் பார்க்க ஒரு வாரியம். முன்னாடி பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகக் கூடாது. அவன் சொந்தக்காரன் பெயரும் போகக் கூடாது! (பலத்த கைதட்டல்)

தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. ஆனா மீதியையும் படிச்சிட்டுத் தட்டுங்க. கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்கணும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்கணும். வயது 35க்கு மேலே, 70க்குள்ளே இருக்கணும். வேதம் கற்றிருக்கணும். ஏன்னா அன்றைக்கு இந்த ஊர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். சபையும் அவர்களுடைய சபை. ஏரியில் மடை திறந்தவன் பெயர் குடத்தில் இல்லை. ஏர் பிடிச்சவன் பெயர் இல்லை. பெண்ணோட பெயர், பேச்சுக்கே இல்லை. நடுவர் அவர்களே, அந்தக் குடத்தைச் செஞ்ச குயவர் இருக்காரே, அவர் பெயர்கூட அந்தக் குடத்துக்குள்ளே போக முடியாது!

இப்ப எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன். உங்க கணக்குப்படி நாம என்ன செய்யணும்? நாளைக்குக் காலையில் உளி எடுத்துக்கிட்டுப் போய் அந்தக் கல்வெட்டைக் கொத்தணுமா? நாம அப்படிச் செய்யலையே. இன்றைய தேர்தல் சட்டம் அந்தக் கல்லைப் பார்த்து எழுதினது இல்லை, ஒத்துக்கறேன். ஆனாலும் யோக்கியன் கையில்தான் ஊர்ப்பொறுப்பு போகணும்ங்கிற அந்த எண்ணத்தை மதிச்சு வச்சுக்கிட்டோம். நிலம் வேணும், வேதம் வேணும், ஆணா இருக்கணும்ங்கிற நிபந்தனையை விட்டுட்டோம். 1994ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 2016ல் அதைத் திருத்தி, பெண்களுக்குப் பாதி இடம்னு ஆக்கினோம். நாற்று நட்ட கையால கையெழுத்துப் போடுற ஊராட்சித் தலைவிகள் இன்னைக்கு உண்டு. குடத்தை எடுத்துக்கிட்டோம், நிபந்தனையைக் கொட்டிட்டோம். என் கட்சி இவ்வளவுதான்!

“அது ஊராட்சி, தலைப்பு கல்வி”ன்னு நடுவர் என்னைப் பார்க்கிறார். கல்விக்கு வந்துட்டேன். மணியும் வந்தாச்சு. அவர் பெயரே பெல்! ஆண்ட்ரூ பெல்! (சிரிப்பு)

ஸ்காட்லாந்துக்காரர். 1787ல் இந்தியாவுக்கு வந்தார். 1789ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாருடைய ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். அப்பா வெள்ளைக்காரச் சிப்பாய். அம்மா பெரும்பாலும் நம்ம நாட்டுப் பெண். அப்படிப்பட்ட பிள்ளைகள். அவங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆளும் போதல, வழியும் தெரியல. ஒருநாள் நம்ம பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கிட்டிருக்காங்க. காகிதம் வேண்டாம், மை வேண்டாம், செலவே இல்லை. அழிச்சு அழிச்சு எழுதலாம்.

நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தன் இருப்பான், பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாத்தியார் அசந்தா அவன்தான் வாத்தியார். வாத்தியார் அடிச்சா ஒரு அடி, சட்டாம்பிள்ளை அடிச்சா ரெண்டு அடி! (சிரிப்பு) தெரிஞ்ச பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற அந்த வழியை பெல் காப்பகத்தில் கொண்டு வந்தார். கூட இருந்த உதவி ஆசிரியர்கள் இதெல்லாம் நடக்காதுன்னாங்க. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். பெரியவங்க முடியாதுன்னதைப் பொடியன் முடிச்சுக் காட்டினான்.

ஊருக்குத் திரும்பின பெல், 1797ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். அந்த முறைக்குப் பெயர் என்ன தெரியுமா? ‘மெட்ராஸ் முறை’! இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஆயிரக்கணக்கான பள்ளிகள் அந்த முறையில் நடந்தன. ஸ்காட்லாந்தில் அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில், அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கூடத்துக்கு இன்னைக்கும் பெயர் ‘மெட்ராஸ் கல்லூரி’. நம்ம சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய் அங்கே பெயர் வாங்கிட்டான்!

இது பயன். இப்போ பேதத்துக்கு வர்றேன், மறைக்க மாட்டேன். இதே பெல், ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதவும் கணக்குப் போடவும் கற்றுத் தரவேண்டிய அவசியம் இல்லைன்னு எழுதினவர். வேத புத்தகம் படிக்கிற அளவுக்கு வாசிப்பு வந்தால் போதும். அதுக்கு மேலே படிச்சா, ஏழை தன் நிலைமையை மீறி நினைக்க ஆரம்பிச்சிடுவான்ங்கிறது அவர் கவலை. பள்ளிக்கூடம் கட்டினவரே, “ரொம்பப் படிச்சிடாதே”ன்னு சொல்றார். சமையல்காரரே, “ரொம்பச் சாப்பிட்டுடாதீங்க”ன்னு சொல்ற மாதிரி! (சிரிப்பு) அந்த முறையிலேயும் குறை உண்டு. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்க, உருப்போடுறதே படிப்புன்னு ஆனது. நம்ம திண்ணையை மட்டும் என்ன சொல்றது? அவர் பார்த்துப் படிச்ச திண்ணையும் ஊரில் எல்லாப் பிள்ளையையும் ஏத்தின திண்ணை இல்லை.

ஆனா நடந்தது என்ன? வாசிக்கக் கத்துக்கிட்டவனை எழுதாதேன்னு யார் தடுக்க முடியும்? 1870ல் இங்கிலாந்தில் தொடக்கக் கல்விக்குச் சட்டமே வந்தது. ஏழைப் பிள்ளைகள் எழுதினாங்க, கணக்கும் போட்டாங்க. பெல் போட்ட வேலியை, பெல் கொடுத்த ஏணி வச்சே தாண்டிட்டாங்க.

எதிரணித் தம்பி பாலில் விஷம்னு சொன்னாரே, அவருக்குச் சொல்றேன். தம்பி, பாலைக் குடிச்சா அது வயிற்றுக்குள்ளே போய்ப் பேசாம இருந்துடும். கல்வி பேசாம இருக்காது. உள்ளே போனதும் கேள்வி கேட்கும். தனக்குள்ளே கலந்திருக்கிற விஷத்தைத் தானே அடையாளம் காட்டுற பால் உலகத்தில் ஒண்ணே ஒண்ணுதான். அதுக்குப் பெயர் படிப்பு. (கைதட்டல்)

சாட்சி வேணுமா? பக்கத்திலேயே இருக்கு. மதுராந்தகம் பக்கம் கோழியாளம். அங்கே பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் படிச்ச ஆங்கிலக் கல்விக்கு இந்த நாட்டில் கால்கோள் போட்டவர் யார்? மெக்காலே. 1835ல் அவர் எழுதின குறிப்பில், நம்ம இலக்கியம் மொத்தமும் ஐரோப்பியப் புத்தக அலமாரியின் ஒரு தட்டுக்கு ஈடாகாதுங்கிற பொருளில் எழுதினவர். இதைவிடப் பெரிய பேதம் உண்டா? அந்தப் படிப்பைத்தான் கோயம்புத்தூரில் சீனிவாசன் படிக்கிறார். வகுப்பில் பெரும்பாலும் மேல்சாதிப் பிள்ளைகள். தன் சாதி தெரிஞ்சிடுமோன்னு பயந்து மற்றப் பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கி இருந்ததை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கார். ஒரு பிள்ளை விளையாடப் பயந்து புத்தகத்தை வச்சுக்கிட்டுத் தனியா உட்கார்ந்திருக்கிறதை நினைச்சுப் பாருங்க. நான் டீச்சர், எனக்கு அதை நினைச்சாலே நெஞ்சு அடைக்குது. அந்தப் பிள்ளை பின்னாளில் என்ன செஞ்சார்? 1893ல் தன் மக்களின் பெயரையே தலைப்பாக வைத்துப் ‘பறையன்’ என்று பத்திரிகை நடத்தினார். மறைச்ச பெயரைத் தலைப்பிலேயே அச்சடிச்சார்! 1930ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து வாதாடினார். மெக்காலே மனசு எங்கே போச்சு? சீனிவாசன் கைக்கு வந்த படிப்பு எங்கே போய்ச் சேர்ந்தது?

இப்போ சேரன்மாதேவிக்கு வரணும். அந்த அக்கா சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கப் போறதில்லை.

வ.வே.சு. ஐயர் சாமானியப்பட்ட ஆள் இல்லை. லண்டனில் பாரிஸ்டருக்குப் படிக்கப் போய், விடுதலை வேட்கையில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர். சிறையில் இருந்தபோது கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினவர். தமிழின் முதல் சிறுகதைன்னு பலரும் சொல்கிற ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதினவர். அவர் 1922ல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் தொடங்கினார். வெள்ளைக்காரனுக்குக் குமாஸ்தாவை உற்பத்தி பண்ற படிப்பு வேண்டாம். தாய்மொழியில் பாடம், உடற்பயிற்சி, கைத்தொழில், நாட்டுப்பற்று எல்லாம் சேர்ந்த படிப்பு வேணும்னு கனவு கண்டார். எல்லாச் சமூகத்தாரும் பணம் கொடுத்தாங்க. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, 5,000 கொடுத்தது.

கனவு பெரிசு. ஆனா சாப்பாட்டு மணி அடிச்சதும் அங்கே என்ன நடந்தது? இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு. மற்றப் பிள்ளைகளுக்கு வேற இடம்.

1924, 25ல் இது பெரிய கிளர்ச்சியாக வெடித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் எழுதினார். காங்கிரசுக்குள்ளே இருந்தே பெரியார் எழுந்தார். மீதி 5,000 நின்றுபோனது. 1925 மார்ச்சில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது அவரிடமும் வழக்குப் போனது. ஐயர் சொன்ன சமாதானம்: “அந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துட்டேன்.” கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனிமேல் சேருகிறவர்கள் எல்லாரும் ஒன்றாகவே சாப்பிடட்டும்னு காந்தியடிகள் வழி சொன்னார். கிளர்ச்சி செய்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஏப்ரலில் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூன் 3ஆம் தேதி பாபநாசம் அருவியில், தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய், மகளோடு தானும் மறைந்தார். அதுக்குப் பிறகு அந்தக் குருகுலம் பழைய நிலைக்கு வரவே இல்லை. அதே ஆண்டு நவம்பரில், நம்ம காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் தரவில்லைன்னு பெரியார் வெளியேறினார். பிறகு தமிழ்நாட்டு அரசியலே திசை திரும்பியது. ஒரு பந்தியில் ஆரம்பிச்சது எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்க.

பேதம் ஐயர் நெஞ்சில் இருந்ததா, அவர் வாக்குக் கொடுத்த பெற்றோர் நெஞ்சில் இருந்ததான்னு இன்னைக்கும் வாதாடுறாங்க. நான் கேட்கிறேன், வேற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைக்கு அதில் என்ன வித்தியாசம்? அவன் பார்க்கிறது ஐயர் நெஞ்சை இல்லை, தன் இலை போட்டிருக்கிற இடத்தை!

“பார்த்தீங்களா, பேதம்தானே விஞ்சி நிற்குது”ன்னு எதிரணி கையைத் தட்டலாம். பொறுங்க. கிளர்ச்சி செஞ்சவங்க என்ன கேட்டாங்க? “குருகுலத்தை இடிச்சுத் தள்ளு”ன்னா? “தமிழில் பாடம் சொல்லாதே, தொழில் கற்றுக் கொடுக்காதே”ன்னா? இல்லையே. “எல்லாப் பிள்ளையையும் ஒரே பந்தியில் உட்கார வை”ன்னுதானே கேட்டாங்க. அவங்க ஐயருடைய மனசைத் தராசில் வைக்கவில்லை. குருகுலம் தருகிற பயன் எந்தப் பிள்ளைக்கு முழுசாப் போகுது, எந்தப் பிள்ளைக்குக் குறைஞ்சு போகுதுன்னுதான் நிறுத்துப் பார்த்தாங்க.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் அச்சாணி இதுதான். பயனை எடைபோடணும்னு நாங்க சொன்னா, பேதத்தைக் கண்டுக்காம விடணும்னு அர்த்தம் இல்லை. நிறுவினவருடைய பேதம் அவர் தலைக்குள்ளேயே இருந்துட்டா, அவரோடு போய்ச் சேர்ந்துடும். அது பந்தியில் இறங்கினா, பாடப் புத்தகத்தில் ஏறினா, உட்காருகிற பலகையைப் பிரிச்சா, அந்த நிமிஷமே பயன் குறைஞ்சு போச்சு. எங்க தராசு அதைக் காட்டிக் கொடுத்துடும். “என்ன பயன்?”னு மட்டும் கேட்காதீங்க, “யாருக்குப் பயன்?”னும் கேளுங்க. அப்படிக் கேட்டால், பேதத்துக்குத் தனியா ஒரு தராசு தேவையில்லை.

சேரன்மாதேவிக்குத் தமிழ்நாடு சொன்ன பதில் என்ன? பள்ளிக்கூடமே வேண்டாம்னு சொல்லலை. 1956ல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. கூட நின்று அதை நடத்திக் காட்டின கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு, நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டு வந்தார். 2022ல் காலை உணவும் வந்தது. பிரிஞ்சு கிடந்த பந்தியை, ஊருக்கு ஊர் ஒரே பந்தியாப் போட்டோம். இன்னைக்கும் எங்கேயாவது ஒரு ஊரில், இன்னார் சமைச்சா எங்க பிள்ளை சாப்பிடாதுன்னு சத்தம் கேட்கத்தான் செய்யுது. அதுக்காகச் சத்துணவுக் கூடத்தைப் பூட்டுவோமா? சமைக்கிற அம்மா பக்கத்தில் போய் நின்னு, நாமும் ஒரு தட்டை நீட்டுவோமா? (நீண்ட கைதட்டல்)

ஊர்ப் பெரியவங்க கதையே பேசிட்டேன். என் கதை ஒண்ணும் இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வகுப்பு பெருக்கணும்னா, “ஏய், பொண்ணுங்களா வாங்க”ம்பேன். மணி அடிக்கணும்னா, “டேய், எவனாவது ஓடு”ம்பேன். வருஷக் கணக்கா இப்படியே நடந்தது. ஒருநாள் நாலாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி, விளக்குமாறைக் கையில் வச்சுக்கிட்டே கேட்டா: “டீச்சர், மணி அடிக்க நாங்க வரக் கூடாதா?”

எனக்கு வெலவெலத்துப் போச்சு. மேடை மேடையாப் போய்ச் சமத்துவம் பேசறவ நான். என் வகுப்பில் நானே ரெண்டு பந்தி போட்டு வச்சிருந்தேன், எனக்கே தெரியாமல்! மறுநாளிலிருந்து முறை வச்சோம். ஒரு வாரம் பொண்ணுங்க மணி அடிப்பாங்க, பையன்கள் பெருக்குவாங்க. பையன்கள் பெருக்கின வாரம் வகுப்பு எப்படி இருந்ததுன்னு மட்டும் கேட்காதீங்க! (சிரிப்பு) அந்தப் பொண்ணு என் மனசை எடைபோட்டு, “இந்த டீச்சருக்குப் பேதம் இருக்கு, இனி பள்ளிக்கூடமே வேண்டாம்”னு வீட்டில் உட்கார்ந்திருந்தா, அந்தக் கேள்வி பிறந்திருக்குமா? என்னிடம் படிச்ச படிப்பை வச்சே என்னைத் திருத்தினா அவ.

இப்போ அண்ணன் கேட்ட கேள்விக்கு வர்றேன்.

ஆமாம், அண்ணே. எங்கப்பா திண்ணைக்குக் கீழேதான் உட்கார்ந்தார். வாத்தியார் அவருடைய பலகையைத் தொட மாட்டார். எழுதினது சரியான்னு பார்க்க, அப்பா பலகையைத் தரையில் வச்சிட்டு நாலடி தள்ளி நிக்கணும். வாத்தியார் மேலேயிருந்து குனிஞ்சு பார்ப்பார். தப்பா இருந்தா பிரம்பு நுனியால காட்டுவார். தாகம் எடுத்தா ஏரிக்கு ஓடணும், பள்ளிக்கூடப் பானைப் பக்கம் போகக் கூடாது. மூணு வருஷம் அப்படிப் படிச்சார். மழை பெஞ்சா திண்ணை மேலே இருக்கிறவங்களுக்குப் பாடம் உண்டு, எங்கப்பாவுக்கு லீவு.

அந்த மூணு வருஷப் படிப்புதான் எங்க குடும்பத்துக்கு முதல் படிப்பு. அதுக்கு முன்னாடி எங்க வீட்டில் எல்லாரும் கைநாட்டு. ஒரு தடவை கடன் பத்திரம்னு சொல்லி ஒரு காகிதத்தை நீட்டி, எங்க தாத்தாவைக் கைநாட்டு வைக்கச் சொன்னாங்க. எங்கப்பா வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிச்சார். அது கடன் பத்திரம் இல்லை, நிலத்தை எழுதிக் கொடுக்கிற கிரயப் பத்திரம். அரை ஏக்கர் தப்பிச்சது. அந்த அரை ஏக்கரில் விளைஞ்ச நெல்லுதான் என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பிச்சது. (கைதட்டல்)

அந்த வாத்தியார் வயசாகிக் கண் மங்கிப் போனார். பையன் வெளியூரில் இருந்தார். கடிதம் வந்தா படிச்சுச் சொல்ல ஆள் இல்லை. ஒருநாள் அந்தத் தெரு வழியாப் போன எங்கப்பாவைக் கூப்பிட்டு, “இதைப் படிச்சுச் சொல்லுடா”ன்னார். எங்கப்பா திண்ணைக்குக் கீழே நின்னபடியே படிச்சுச் சொன்னார். ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் எங்கம்மா கேட்டாங்க, “குடிக்கத் தண்ணி கொடுத்தாரா?” அப்பா, “இல்லை”ன்னார். “அப்புறம் எதுக்கு நின்னு படிச்சீங்க?”ன்னு எங்கம்மாவுக்குக் கோபம். அப்போ எங்கப்பா சொன்ன வார்த்தை இன்னைக்கு வரைக்கும் என் காதிலே இருக்கு:

“வாத்தியார் மனசு அவருக்கு. எழுத்து எனக்கு.”

அண்ணே, நான் இந்த அணியில் உட்கார்ந்திருக்கிறது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அந்த வாத்தியார் கடைசி வரைக்கும் மாறவில்லை. அவரை நல்லவர்னு சொல்லச் சொல்லி என்னை யாரும் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். எங்கப்பா தாகத்தோட ஓடின ஓட்டத்தை நான் மறக்கவும் மாட்டேன். ஆனா அவர் மனசு சரியில்லைன்னு எங்கப்பா அந்த எழுத்தை அங்கேயே விட்டுட்டு வந்திருந்தா, அரை ஏக்கரும் போயிருக்கும், இந்த டீச்சரும் இந்த மேடையில் இருந்திருக்க மாட்டா.

பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்க்கப் போகிற பள்ளிக்கூடத்தில் யார் படம் மாட்டியிருக்கு, அவர் என்ன நினைச்சார், என்ன எழுதினார்னு தெரிஞ்சுக்கோங்க. நல்லதுதான். மாலை போட்டு மறைக்கவும் வேண்டாம், படத்தைக் கழற்றிட்டுப் படிப்பை விடவும் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் போய்ப் பாருங்க. பந்தி ஒண்ணா இருக்கா? பானை ஒண்ணா இருக்கா? விளக்குமாறு யார் கையில் இருக்கு, மணி யார் கையில் இருக்கு? ஒண்ணா இல்லைன்னா, பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வராதீங்க, உள்ளே போய்ச் சண்டை போடுங்க. அந்தச் சண்டையைப் போடுற தைரியத்தைக் கொடுக்கப் போறதும் அங்கே கிடைக்கிற படிப்புதான்.

நடுவர் மணியில் கையை வச்சுட்டார். ஐயா, ஒரு சின்ன வேண்டுகோள். முன்வரிசையில் பள்ளிச் சீருடையில் ஒரு பாப்பா உட்கார்ந்திருக்கு, ரொம்ப நேரமா உங்க மணியையே பார்த்துக்கிட்டிருக்கு. இந்த ஒரு தடவை அதை மேடைக்குக் கூப்பிட்டு மணி அடிக்கச் சொல்லுங்க. நான் நிறுத்திடறேன்.

(நடுவர் அழைக்க, சிறுமி மேடையேறி மணி அடிக்கிறாள். நீண்ட கைதட்டல்.)